நல்லெண்ணெய் வாசமடிக்கும் சரக்கு

அத்தியாயம் 6

துணித்திரைக்கு அந்தப் பக்கம் சைதூன் பீவி அழுதுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உமாராணி உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன் ஜெனோ.

ஜெனோ சும்மா நிற்கிற ஆள் இல்லை. தென்காசியில் குடை ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் உமாராணி நடத்துகிற துப்பறியும் ஆபீசுக்கு டிரைவர், கிளார்க், உளவாளி எல்லாம் அவன்தான். சம்பளம் ஒரு ஆளுக்கு, வாய் மூன்று ஆளுக்கு. உமாராணி போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, மேலே இருந்தவர்களோடு ஒத்துப்போகாமல் காக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தவள். ஆபீசுக்குப் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான் வரும். குடிப்பானா, சூதாடுவானா, ஏற்கெனவே ஒன்றைக் கட்டிவிட்டு வந்து நிற்கிறானா. விசாரிக்கப் போன இடத்தில் ஜெனோ அடிக்கிற ஜோக்கில் இரண்டு வீட்டாரும் சிரித்துப் பேசி, கெட வேண்டிய கல்யாணங்கள்கூடக் கூடி வந்திருக்கின்றன.

இன்றைக்கு அவனுக்கு ஜோக் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நீங்க அழுதா ஆச்சா உம்மா? அவன் அங்கன ஜெயில்ல கெடக்கான். மாஜிதா பச்சத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கா. உள்ளதைச் சொல்லுங்க."

சமீரை ஜெனோவின் நண்பன் என்று சொன்னால் போதாது. தென்காசியை ஒட்டிய இதே குத்துக்கல்வலசையில் ஒரே தெரு, ஒரே பெஞ்சு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள் என்று வளர்ந்தவர்கள். சமீர் பல வருஷமாகச் சார்ஜாவில் வேலை பார்க்கிறான். லீவில் வந்துவிட்டு, போன வாரம் திரும்பிப் போகும்போது திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். அவன் பெட்டியில் ஒரு முந்திரிக்கொத்துப் பலகார டின். மேலே முந்திரிக்கொத்து, அடியில் கஞ்சா. அதுவும் ஊர்ப்பக்கம் பொட்டலம் கட்டி விற்கிற சரக்கு இல்லை. இரண்டு நாட்டுச் செடிகளை ஒட்டி உண்டாக்கின கலப்பு ரகம், வீரியம் கூடியது, தங்கம் போல எடை போட்டு விற்கிறது.

அரபு நாட்டுக்குப் போகிறவன் பெட்டியில் பாதிதான் அவன் சாமான். மீதி தெருவுடையது. யாராவது ஒரு தாய் வருவாள், மகனுக்கு ஊறுகாய் என்பாள். இன்னொருத்தி வருவாள், மருமகனுக்கு மாத்திரை என்பாள். வாங்கி வைத்துக்கொள்வதுதான் முறை. பிரித்துப் பார்ப்பது, கொடுத்தவளைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதனால் யாரும் பிரிப்பதில்லை. சமீரும் பிரிக்கவில்லையாம். பக்கத்து வீட்டு சைதூன் பீவி, சார்ஜாவில் இருக்கிற மகன் முகம்மது ரபீக்குக்குக் கொடுத்துவிட்ட டின் என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டான். இன்று சாயங்காலம் போலீஸ் வந்து சைதூன் பீவியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகப்போகிறது.

மாஜிதா, சமீரின் மனைவி, ஜெனோவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெனோ உமாராணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். கேஸ் இப்படித்தான் வந்தது.

"வாப்பா, நான் ரபீக்குக்கு முந்திரிக்கொத்துதான் செஞ்சு குடுத்துவிட்டேன். அல்லா அறிய வேற ஒண்ணும் தெரியாது" என்றது திரைக்குப் பின்னால் இருந்த குரல். "எம் மவதான் மொத நாளே அவன்ட்ட கொண்டுபோய்க் குடுத்தா. பெட்டி கட்டிட்டு இருந்தானாம், வாங்கி வச்சுக்கிட்டானாம்."

"அவன் அப்படிச் சொல்லலியே! நீங்களே கையில குடுத்து, அவன் கையைப் பிடிச்சு அழுது, எம்புள்ளகிட்ட சேத்துரு வாப்பான்னு சொன்னீயன்னுல்லா எழுதிக் குடுத்திருக்கான்?"

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"அவனா அப்படிச் சொன்னான்?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. ஜெனோவுக்கு அது நடிப்பாகப் பட்டது, எரிச்சல் இன்னும் கூடியது.

உமாராணி அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பெரியவர் தவறி எத்தனை நாளாச்சும்மா?"

"ரெண்டு மாசம் ஆவப்போவுது தாயி. இத்தா முடிய இன்னும் அவ்வளவு கெடக்கு. அதுக்குள்ள போலீசு ஸ்டேஷன் வாசல்ல கொண்டு நிறுத்தப் போறாவளே!"

கணவர் கிதிர் முகம்மது இறந்து, இத்தா இருக்கிறவள். நாலு மாசம் பத்து நாள் வீட்டு நடை தாண்டக்கூடாதவள். உமாராணி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தாள்.

வெளியே வந்ததும் ஜெனோ பைக்கை உதைத்த உதையில் பைக்குக்கே வலித்திருக்கும்.

"நல்லா விசாரிச்சீங்க மேடம்! துக்கம் விசாரிச்சிட்டு வந்துட்டீங்க. துக்க வீட்டுக்குக் குடுக்கக் காப்பித்தூள் வாங்கிட்டு வந்திருக்கலாம், அது ஒண்ணுதான் குறை."

"வண்டியை எடுலே. டீக்கடையில நிறுத்து."

டீக்கடையில் உமாராணி போனை வெளியே எடுத்தாள். கஞ்சாப் பொட்டலங்களோடு ஒரு சின்ன அட்டையும் இருந்ததாம். சமீரின் வக்கீல் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அட்டையில் எழுத்து ஒன்றும் இல்லை, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் மட்டும். கடையில் பணம் கட்டுவதற்குப் போனைக் காட்டுவோமே, அதே மாதிரி.

"இதுல போனைக் காட்டினா ஒரு குரல் பேசுது. சரக்குக்கு வழிகாட்டி. பிடிச்சவங்க மலையாளத்துக்காரங்க, கேட்டுட்டு ஒண்ணும் புரியலன்னு வச்சுட்டாங்களாம். நமக்குப் புரியுதான்னு பாப்போம்."

இயர்போனில் ஒன்று அவள் காதில், ஒன்று அவன் காதில். பேசியது மனிதக் குரலே இல்லை. குழந்தைகள் பார்க்கிற பொம்மைப் படத்தில் அணில் பேசுமே, அப்படி மாற்றி வைத்திருந்தார்கள். ஆனால் பேச்சு நம்மூர்ப் பேச்சு.

"வணக்கம் மக்களே. உங்க கையில இருக்கிறது சாரல். கலப்பு ரகம். தாயி மலைநாட்டுக்காரி, தகப்பன் வெளிநாட்டுக்காரன். புள்ள ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுரும். ஊர்ச்சரக்கு இழுத்த தைரியத்துல இதுகிட்ட வராதீய. மூடியைத் தொறந்தா மொதல்ல மங்குஸ்தான் தோலு வாசம் வரும், பின்னாலேயே நனைஞ்ச சாக்கு வாசம். சீசன் மாசத்துச் சரக்குல லேசா நல்லெண்ணெய் வாசம் அடிக்கும். கலப்படம்னு சண்டைக்கு வராதீய. அது தண்ணியோட குணம், எப்படி வடிகட்டினாலும் போவ மாட்டேங்கு."

"மருந்துக் கடைக்காரன்கூட இவ்வளவு அக்கறையாச் சொல்ல மாட்டான்" என்றாள் உமாராணி.

அணில் தொடர்ந்தது. "இனி அளவு. மொத இழுப்பு சித்தப்பா. தோளைத் தட்டி, என்னடே சொகமான்னு கேக்கும். ரெண்டாவது மாமனார். தலைமேல கையை வச்சு ஆசீர்வாதம் பண்ணும், கையை எடுக்கவே எடுக்காது. மூணாவது ஹெட்மாஸ்டர். ஹெட்மாஸ்டர் வந்துட்டாருன்னா நீங்க செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல. குனிஞ்சு நில்லுங்க, பெல் அடிக்கிற வரைக்கும்."

உமாராணி 'அடப்பாவி' என்று சிரித்தே விட்டாள்.

ஜெனோ சிரிக்கவில்லை. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். ஏனென்றால் அந்த ஜோக் அவனுடையது.

சமீர் முதல் தடவை சார்ஜாவுக்குப் போவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் பழைய குற்றாலத்துக்குப் போயிருந்தார்கள். அழுவது தெரியக்கூடாது என்று சமீர் அருவிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு அழுதான். தண்ணீர் ஒரு நேரம் குறைந்தும் ஒரு நேரம் கூடியும் விழுந்தது. அவனைச் சிரிக்க வைக்க ஜெனோ அப்போது கட்டின கதைதான் அது. மெல்லமாக விழுந்தால் சித்தப்பா, பலமாக விழுந்தால் மாமனார், அடித்து வீழ்த்தினால் ஹெட்மாஸ்டர். சமீர் புரையேறச் சிரித்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு தடவை நன்றாக வந்த ஜோக்கை மறுபடி சொல்கிற வழக்கம் ஜெனோவுக்குக் கிடையாது, எச்சில் இலையில் சாப்பிடுகிற மாதிரி என்பான்.

பின்னே இது எப்படி அணில் வாய்க்குப் போயிற்று?

போயிருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சமீர் சார்ஜாவில் ரூமில் இருக்கிறவர்களிடம் சொல்லியிருப்பான். ஜோக்குக்கு விசாவா வேண்டும்? அந்த ரபீக் பயலும் அதே ஊரில்தானே இருக்கிறான்! அவன் காதுக்குப் போயிருக்கும். ஆமாம், அப்படித்தான். ரபீக்தான் இந்தக் கூட்டத்தில் ஆள், தாய் அவனுக்குக் கூட்டு. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வருவது போலத்தான் இருந்தது. இருந்தாலும் வாயைத் திறந்து உமாராணியிடம் சொல்ல அவனால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

"ஜெனோ, தண்ணியில நல்லெண்ணெய் வாசம் எங்கலே வரும்?"

"செக்குப் பக்கத்துல வரும்."

"சீசன் மாசத்துல மட்டும்?"

ஜெனோ நிமிர்ந்தான். அது தெரியாதவன் தென்காசிக்காரனே இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது என்று போர்டு வைத்தாலும், மைக்கில் கத்தினாலும், வண்டி வண்டியாக வருகிற ஜனம் உச்சந்தலையில் எண்ணெயை வழியவிட்டுக்கொண்டுதான் பேரருவிக்குள் நுழையும். அத்தனை தலை எண்ணெயும் கீழே ஓடுகிற தண்ணீரில்தான் போகும். சீசன் முடிந்தால் எண்ணெயும் முடிந்தது.

"குற்றாலம்" என்றான். "பேரருவிக்குக் கீழ."

"சரக்கு மலை உச்சியில வளரல. அருவித் தண்ணியை மோட்டார் வச்சு இழுத்து, வீட்டுக்குள்ள வச்சு வளக்குதான். கெளம்பு."

சாரல் முகத்தில் அடிக்க அடிக்க பைக் ஓடியது. வழக்கமாக இந்த ரோட்டில் ஜெனோ எதிரே வருகிற ஒவ்வொரு வேனுக்கும் ஒரு விமரிசனம் வைத்திருப்பான். இன்று வேன்கள் பிழைத்துப் போயின.

குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. ரம்புட்டானும் துண்டும் மிளகாய் பஜ்ஜியும் ஒரே கடையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் கூட்டத்தை விட்டு விலகி, ஓடைக் கரையோடு கீழ்ப்பக்கமாக நடந்தார்கள். உமாராணி ஓடையைப் பார்த்து நடந்தாள், ஜெனோ கட்டடங்களைப் பார்த்து நடந்தான். ஓடைக்குள் இருந்து ஒரு கறுப்புக் குழாய் மேலேறிப் போனதை அவள் பார்த்தாள். அது போய்ச் சேர்ந்த லாட்ஜை அவன் பார்த்தான்.

"மேடம், சீசன்ல இங்க மாட்டுத் தொழுவத்தைக்கூட ஏசி ரூம்னு சொல்லி வாடகைக்கு விடுவான். அந்த லாட்ஜுல கீழ மூணு ரூம்ல ஆளு இருக்கு. மேல்மாடி பூரா ஜன்னலை அடச்சு வச்சிருக்கு."

"அதைவிட மேல பாரு."

மேல்மாடிச் சுவரில் நாலு ஏசிப் பெட்டிகள். நாலிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜனம் டீ குடிக்கிற குளிரில், ஆளில்லாத மாடியில், நாலு ஏசி எவனுக்கு ஓடுகிறது?

லாட்ஜ் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தவள் பெயர் மாரித்தாய். அவளேதான் காவல், அவளேதான் மேனேஜர். முதலாளி எங்கேயோ இருக்கிறார்.

"மேல மூசான்னு ஒரு தம்பி தாயி. போன சீசன்ல வந்தாரு, பூரா மாடியையும் எடுத்துக்கிட்டாரு. கம்ப்யூட்டர்ல படம் போடுதாராம், சூடு ஆவக்கூடாதாம், அதான் ஏசி. வெளியவே வரமாட்டாரு. இப்ப ஊருக்குப் போயிருக்காரு. காலையும் சாயங்காலமும் மோட்டாரு மட்டும் போடு, உள்ரூம் பக்கம் போவாதன்னு சொல்லிட்டுப் போனாரு. ஒரு போனு கூட இல்ல. எனக்கு மனசு கெடந்து அடிக்கி."

"நாங்க அவருக்கு வேண்டப்பட்டவங்கதான். மேல தொறங்க" என்றாள் உமாராணி. போலீசை விட்டு வந்தாலும் அந்தக் குரல் அவளை விட்டுப் போகவில்லை. மாரித்தாய் சாவியை எடுத்தாள்.

மோட்டார் சுவிட்சைக் காட்டச் சொல்லி உமாராணி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். ஜெனோ முதலில் உள்ளே போனான்.

முன்ரூம், அதில் ஒரு கட்டில். எதிரே உள்ரூம் கதவில் பெரிய பூட்டு. கதவிடுக்கில் கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம் வந்தது, கூடவே ஒரு நெடி. மங்குஸ்தான் தோல், நனைந்த சாக்கு. அணில் பொய் சொல்லவில்லை. கேஸ் முடிந்தது என்று கத்தப் போனவன் திரும்பிக் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான்.

அவன் பார்த்த சுவர்தான். வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சமீர் மாஜிதாவிடமும் மகளிடமும் பேசிவிட்டு, ஜெனோவுக்கும் வீடியோ காலில் வருவான். பின்னால் இந்த மஞ்சள் சுவர் இருக்கும். இதே அரபி எழுத்துக் காலண்டர் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இதே சிவப்பு வட்டக் கடிகாரம் இருக்கும். ஜெனோ தன் கையைத் திருப்பி மணி பார்த்தான். நாலரை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று. நின்றுபோன கடிகாரம் இல்லை, முள் டக் டக்கென்று நகர்ந்துகொண்டிருந்தது. சார்ஜாவில் இப்போது மணி மூன்று.

ஜெனோ கட்டிலில் உட்கார்ந்தான்.

போன மார்கழியில் ஜெனோவின் அம்மா செத்துப்போனாள். சமீர் சின்ன வயதில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். லீவு தரமாட்டேன் என்கிறார்கள் மாப்ள என்று இந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது ஜெனோ ஒரு கையில் போனைப் பிடித்து அவனுக்குக் காட்டினான். மறுகையால்தான் அம்மாவுக்கு மண் போட்டான். போட்டுவிட்டு, 'அங்கன தனியா இருந்து அழாதலே, சாப்பிடு' என்று அவனுக்கே ஆறுதலும் சொன்னான். அன்று சமீர் இந்தக் கட்டிலில் இருந்திருக்கிறான். ஒரு ஆட்டோ பிடித்திருந்தால் பிரார்த்தனை முடிவதற்குள் வந்திருக்கலாம்.

இப்படி ஒரு ஏமாளியாக ஒருத்தன் இருப்பானா என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது. அதே நேரத்தில் இன்னொரு எண்ணமும் வந்தது. உமாராணி இந்தச் சுவரைப் பார்த்ததில்லை. காலண்டரும் கடிகாரமும் இல்லாவிட்டால் இது வெறும் சுவர். மூசா யாரோ. மாஜிதாவுக்குப் புருஷன் மிஞ்சுவான், அவள் மகளுக்கு வாப்பா மிஞ்சுவார். அவன் எழுந்து காலண்டரைக் கழற்றினான். கடிகாரத்துக்குக் கையை நீட்டினான்.

"மாட்டுலே" என்றது வாசலில் இருந்து குரல்.

"பேட்டரி தீந்துபோச்சு மேடம். டைம் தப்பாக் காட்டுது."

"கெடிகாரம் நல்லாத்தான் ஓடுது. அது நிக்கிற ஊருதான் தப்பு."

ஜெனோ காலண்டரைத் திருப்பி மாட்டினான். உமாராணி உள்ளே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று சுவரைப் பார்த்தே கேட்டான்.

"திரையைப் பாத்தப்பவே பாதி தெரியும். பொய் சொல்லுதவன் புதுசா ஒண்ணும் யோசிக்க மாட்டான்லே, வழக்கமா நடக்கிறதைத்தான் எடுத்துச் சொல்லுவான். வருசா வருசம் அந்தம்மா கையில குடுத்து அழுதிருப்பா, அதை அப்படியே எழுதிக் குடுத்துட்டான். இந்த வருசம் அது எப்படி நடக்கும்? இத்தாவுல இருக்கிறவ அடுத்த வீட்டு ஆம்பள கையைப் பிடிப்பாளா? உம்மா உம்மான்னு கூப்பிட்டு வளந்த உன்கிட்டயே திரை போட்டுத்தானே பேசுனா?"

"தெரியும்லா அவனுக்கு! அவ இத்தாவுல இருக்கான்னு அவனுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் அவ டின்னை எடுத்திருக்கான். மாட்டினா கை காட்ட ஒரு ஆளு வேணும். வீட்டை விட்டு வெளிய வந்து நியாயம் கேக்க முடியாதவளாப் பாத்திருக்கான். பயத்துல பேசும்போது பழைய பழக்கம் வாயில வந்துட்டு."

"மீதிப் பாதி?"

"நீதான். ஒருத்தன் நல்ல ஜோக் ஒண்ணு சொன்னா, அதுக்கு மேல ஒண்ணு போடாம நீ விட்டது கிடையாது. டீக்கடையில நான் சிரிச்சேன், நீ டீயைக் கீழ வச்ச. வழியில ஒரு வேனைக்கூட நீ திட்டல. அந்தக் குரலு உனக்குத் தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சேன்."

"ஏர்போர்ட்டுக்கு வராத மாப்ளன்னு சொன்னான் மேடம். எப்பவும் நான்தான் போய்க் கூட்டிட்டு வருவேன். இந்தத் தடவை கூட வந்தவங்க வேன் இருக்குன்னுட்டான். எல்லாருக்கும் கோடாலித் தைலம் கொண்டு வந்தான். எனக்கு ரெண்டு."

"அது கடையநல்லூர்லயே கிடைக்குமே."

"கிடைக்கும்." ஜெனோவுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "பாவிப்பய, ஒரு வருசம் சார்ஜா சார்ஜான்னு ஏமாத்துனான். நெசமாவே சார்ஜாவுக்குப் பொறப்பட்ட அன்னைக்கு மாட்டிக்கிட்டான்."

மாரித்தாய் வாசலில் ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்தாள். உமாராணி ஜெனோவைப் பார்த்தாள். கேட்கவில்லை. அவனாகவே போனை எடுத்து, ஒரு படத்தைத் தேடி, மாரித்தாய் முன்னால் நீட்டினான். ஜெனோவும் சமீரும் தோளில் கை போட்டு நிற்கிற படம்.

"இவருதான்! இவருதான் மூசா!" என்றாள் மாரித்தாய். பிறகு பக்கத்தில் இருந்த முகத்தையும், எதிரில் நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அந்தக் கூட்டாளி நீதானா தம்பி? சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. இதெல்லாம் எங் கூட்டாளி ஒருத்தன் சொன்னது, அவனை மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான்னு சொல்லுவாரு."

ஜெனோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

உமாராணி ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். உள்ரூம் பூட்டை அவர்கள் வந்து உடைப்பதுதான் முறை. குத்துக்கல்வலசைக்குப் புறப்பட இருந்த ஜீப் குற்றாலத்துக்குத் திரும்பியது. சைதூன் பீவி வீட்டு நடையை இனி போலீஸ் மிதிக்காது.

"மாஜிதாவுக்கு நான் சொல்லிக்கிடுதேன்லே. நீ கீழ போய் உக்காரு."

"வேண்டாம் மேடம். கேஸைக் கொண்டுவந்தவன் நான். போலீசு சொல்லி அவ கேக்கக்கூடாது."

சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். மாஜிதாவுக்குப் பொறுமை இல்லை, அவளே வீடியோவுக்கு மாற்றினாள். ஜெனோ எடுத்துவிட்டான். எடுத்த பிறகு, எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலைக்குப் பின்னால் மஞ்சள் சுவரும் காலண்டரும் கடிகாரமும் தெரிந்தன.

சுவரைப் பார்த்ததும், கூப்பிட்டது யார் என்பதே மறந்து மாஜிதா முகம் அப்படியே மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! விட்டுட்டாங்களா? ரூமுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா? ஏட்டி, ஓடி வாட்டி, வாப்பா ரூமு தெரியுது, வாப்பா பேசுதாவ!"

ஜெனோ தலையை நிமிர்த்தினான்.

வெளியே சாரல் பலத்து, தகரத்தில் சடசடவென்று அடித்தது. பேரருவிப் பக்கமிருந்து, குளிக்கிறவர்களை வெளியேற்றுகிற போலீஸ் விசில் கேட்டது. மாஜிதாவின் கண்கள் அவன் முகத்தைப் பார்த்தன, பிறகு சுவரைப் பார்த்தன, மறுபடி அவன் முகத்துக்கு வந்தன. ஓடி வந்த மகளைத் தன்னை அறியாமலேயே ஒரு கையால் தள்ளி நிறுத்தினாள்.

"ஜெனோண்ணே" என்றாள் மெல்ல. "நீங்க எப்ப சார்ஜாவுக்குப் போனீய?"